இராவணன் விமானமும் கோணேசர் கற்களும்

இராவணனை உலகின் முதல் விமானி ஆக்கும் கட்டுரைகளும் காணொளிகளும் ஓய்வதாயில்லை. புட்பகம் பறக்கும் தட்டாம். சுவாமிமலையும் கன்னியாவும் அதற்குச் சாட்சியாம். "ஆராய்ச்சி" என்ற சொல்லையும் கூசாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பறக்கும் தட்டு ஆராய்ச்சியைத் தொடக்கியவர்கள் அமெச்சூர்கள். 1947 யூன் 24ஆம் திகதி, றெய்னியர் மலையருகே ஒன்பது பொருட்கள் பறந்ததைக் கண்ட கெனத் ஆர்னோல்ட், தீயணைப்புக் கருவி விற்கும் ஒரு வியாபாரி. ஆனாலும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரு மலைகளுக்கிடையே அவை பறந்த நேரம் 1 நிமிடம் 42 விநாடி என்று குறித்துக்கொண்டு வேகத்தைக் கணக்கிட்டார். அவை நீரில் எறிந்த தட்டைப்போலத் துள்ளிப் பறந்தன என்றுதான் அவர் சொன்னார்; அசைவைக் குறித்த உவமையை வடிவத்தின் பெயராக்கியது பத்திரிகை. (எங்கள் தொழிலின் திருப்பணிகளுள் இதுவும் ஒன்று!) 1952இல் கோரல் லொறன்சன் என்ற பெண்மணி தம் கணவருடன் ஒரு சங்கத்தைத் தொடங்கிச் சாட்சியங்களைத் திரட்டினார். அவர்களின் முடிவுகளை நான் ஏற்கவில்லை. ஆயினும் இடம், நேரம், திசை, கண்டவர் யார் என்று கேட்கும் பழக்கம் அங்கே இருந்தது. அமெரிக்க விமானப்படை 1969 வரை திரட்டிய 12,618 அறிக்கைகளுள் 701 விளங்காதவையாகவே எஞ்சின. விளங்காதது என்றால் விளங்காதது, அவ்வளவே.

இதைக் கெடுத்தவர்கள் கதைசொல்லிகள். வெள்ளிக் கிரகத்து மனிதரைக் கலிபோர்னியப் பாலைவனத்தில் சந்தித்ததாகச் சொன்ன அடம்ஸ்கியும், பழைய வடமொழி நூல்களின் விமானங்களைத் துணைக்கிழுத்த டெஸ்மன்ட் லெஸ்லியும் 1953இல் ஒரே நூலில் கைகோத்தார்கள். நம்மவர் ஆர்னோல்டின் கடிகாரத்தை விட்டுவிட்டு லெஸ்லியின் விமானத்தில் ஏறிக்கொண்டார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் ஆய்வாளர் ஐவர் 1974இலேயே 'வைமானிக சாஸ்திர'த்தைப் பரிசீலித்து, அது 1904க்கு முற்பட்டதன்று, அதிலுள்ளவை பறக்கவும் மாட்டா என்று எழுதிவிட்டார்கள். அதைப் படிப்பார் யார்?

அமெச்சூர் ஆராய்ச்சி வேண்டுமா? எங்கள் கடலிலேயே நடந்தது. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமிமலையடியில் சுழியோடி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டார்கள்; படமெடுத்தார்கள். மறு ஆண்டே கிளார்க் அதை நூலில் எழுதினார். விண்வெளிக் கதைகளால் உலகப்புகழ் பெற்ற அந்த மனிதர் பறக்கும் தட்டுகளை நம்பவில்லை என்பதையும் கவனியுங்கள். 1964 மே மாதம் நியூயோர்க்கில் அவரும் திரைப்பட இயக்குநர் குப்ரிக்கும் வானில் ஓர் ஒளியைக் கண்டு வியந்தனர். விசாரித்தபோது அது எக்கோ 1 துணைக்கோள். அவர் விசாரித்தார், அதுதான் விஷயம்.

வானத்தைப் பார்ப்பது திருகோணமலைக்குப் பொழுதுபோக்காக இருந்ததுமில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி வந்தவை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள். அவற்றுள் ஒன்று சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் மோதியது. 2008 ஓகஸ்ட் 26ஆம் திகதி இரவு புலிகளின் விமானம் கடற்படைத் தளத்தில் குண்டு போட்டது. இருளில் ஓர் ஒலி கேட்டால் அது எது, எங்கிருந்து வருகிறது என்று அறிவது எங்களுக்கு உயிர்ப்பிரச்சினை.

கற்பனையில் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களால் கோட்டை கட்டினர். அக்கோட்டை வாயிலில் இன்றும் இணைக்கயலும் தமிழ்ச் சாசனமும் உள்ளன. கன்னியாப் பிள்ளையார் கோயில் நிலம் 2019இல் நீதிமன்றம் வரை போயிற்று. நீதிமன்றம் கேட்பது ஆவணம். சாசனத்தையும் புட்பகத்தையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொண்டுபோனால் எதிர்த்தரப்பு சிரித்துவிட்டு இரண்டையும் சேர்த்தே எறியும். அதற்குமேல், இராவணன் இப்போது நமக்கு மட்டும் உரியவனுமல்லன். 2020 யூலையில் இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையே அவனது வான்வழி ஆதிக்கம் பற்றிய ஆவணங்களைக் கேட்டு விளம்பரம் செய்தது. கதைப்போட்டியில் அரசை வெல்ல நம்மால் முடியுமா?

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கோணேசர் கற்களின் பழைய படங்களோ, 1942 குண்டுவீச்சைக் கண்ட பாட்டன்மாரின் குறிப்புகளோ இருந்தால் அனுப்பிவையுங்கள். திகதியும் இடமும் எடுத்தவர் பெயரும் இருக்கட்டும். விமானப் படங்கள் வேண்டாம்.