மார்ச் 31 காட்டுக்குத் தெரியாது

மதுரைக்காரரா நீங்கள்? அப்படியானால் வனத்துறையின் வரவு செலவில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் அந்த ஆற்றை நம்பி இருக்கின்றன. ஆனால் கடமலைக்குண்டு பக்கம் போய் மூல வைகையைப் பாருங்கள். வருடத்தில் பல மாதம் வெறும் மணல்தான். பெரியாற்றுத் தண்ணீர் மட்டும் மலையைக் குடைந்து வராமல் போயிருந்தால் நம் கதி என்ன என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

மலையில் காடு இருந்தால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மாதக்கணக்கில் கசியும். மலை மொட்டையானால் தண்ணீர் வண்டலையும் அள்ளிக்கொண்டு அணைக்கு ஓடிவிடும். பள்ளிக்கூடத்துப் பாடம்தான் இது. அந்தக் காட்டைக் காப்பாற்ற ஒரு துறை, அதற்கு ஒரு பட்ஜெட். “பாவம் சார், ஃபாரஸ்ட்காரங்களுக்கு ஏது பணம்?” என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. 1997-ல் ஜப்பான் கடனில் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் இரண்டு கட்டமாக ஏறத்தாழ பதினைந்து வருடம் நடந்தது. 2011-ல் பல்லுயிர்ப் பாதுகாப்பு, பசுமையாக்கல் என்று 686 கோடி ரூபாய்த் திட்டம். 2022-ல் அதன் அடுத்த அவதாரம், சுமார் 920 கோடி. இவற்றுக்கும் ஜப்பான் கடன்தான். தானம் இல்லை, நீங்களும் நானும் திருப்பிக் கட்டவேண்டிய கடன். ஆகவே என்ன வாங்கினார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேட்டால் வரும் பதில், கன்று. இத்தனை லட்சம் கன்று நட்டோம், இத்தனை ஹெக்டேரில் நட்டோம். நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கணக்கைத்தான் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. கல்யாணச் செலவைப் பைசா சுத்தமாக எழுதிவைத்துவிட்டு, பிள்ளை குடித்தனம் நடத்துகிறானா என்று பார்க்காத அப்பா மாதிரி!

உத்தராகண்டில் என்ன நடந்தது என்று 2025-ல் வெளியான தணிக்கை அறிக்கை சொல்லிவிட்டது. காட்டை அழித்ததற்கு ஈடாக மரம் வளர்க்க வைத்திருந்த பணத்தில் ஐபோன், லேப்டாப், ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார்கள். நட்டதில் பிழைத்தது சுமார் 33 சதவீதம். அந்த ஈட்டுத்தொகைக்கு விதை போட்டதே நம்ம ஊர் கூடலூர்க் காடு பற்றி 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன திருமுல்பாடு வழக்கு. ஈட்டுத்தொகையை மத்திய நிதியில் சேர்க்கச் சொல்லி 2002-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கென்று சட்டம் வந்தது 2016-ல். 47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது 2019-ல். பதினேழு வருடத்தில் ஒரு கன்று மரமாகியிருக்கும்.

அதிகாரிகள் எல்லோரும் திருடர்கள் என்று எழுதினால் கைதட்டல் நிச்சயம். எனக்குப் பெரிய குற்றவாளியாகத் தெரிவது காலண்டர்.

மேகமலை 2009-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் அணில் சரணாலயத்தோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் புலிகள் காப்பகத்துக்குப் பணம் வரும் வழி இருக்கிறதே! ஆண்டுத் திட்டம் எழுதி டெல்லிக்கு அனுப்ப வேண்டும். ஒப்புதல் வர வேண்டும். மத்தியப் பங்கு வர வேண்டும். மாநிலப் பங்கு சேர வேண்டும். போன பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. ஒவ்வொரு மேஜையிலும் ஃபைல் கொஞ்சம் தூங்கி எழுந்தால் போதும், பணம் வருவதற்குள் பருவம் போய்விடும். வருசநாட்டில் கன்று வேர் பிடிக்க ஐப்பசி, கார்த்திகை மழை வேண்டும். தீத்தடுப்புக் கோடு தை மாதத்துக்குள் வெட்டியாக வேண்டும், மாசியில் புல் காய்ந்துவிடும். பணமோ கடைசித் தவணையாக நிதியாண்டு முடிகிற நேரத்தில் வந்து, “மார்ச் 31-க்குள் செலவு பண்ணு, இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன்” என்று மிரட்டும். அப்புறம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் என்ன செய்வார்கள்?

இதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காட்டுத்தீ ஃபைல் நகரும் வரை காத்திருக்காது.

தீயை அணைக்க முதலில் ஓடுவது யார்? பச்சை இலைக்கொத்தோடு போகிற வாட்சர். தொகுப்பூதியக்காரர். அவருடைய சம்பளம்தான் மாதக்கணக்கில் பாக்கி நிற்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. கன்றுக்கு லட்சக்கணக்கில், காவலுக்குக் கடன் சொல்லி. எந்த ஊர் நியாயம் இது?

அரசரடி, பொம்மராஜபுரம் பக்கம் இலவமும் முந்திரியும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று வெளியேற்றச் சொல்கிறார்கள். 2006-ன் வன உரிமைச் சட்டப்படி யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று ஊரைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை முதலில் செய்யுங்கள். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் தீ ஏறும் என்று அறிந்த அவர்களுக்கே காவல் கூலி கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், ஊர் கூடிக் கணக்குப் பார்க்கும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. குளம் வெட்டிய கணக்கைக் கிராமம் பார்க்கலாம் என்றால், மரம் நட்ட கணக்கை ஏன் பார்க்கக் கூடாது? கடமலைக்குண்டு ஒன்றியத்தில் ஒவ்வொரு ஊராட்சி ஆபீஸ் சுவரிலும் மூன்றே விஷயம் எழுதட்டும். பணம் எந்தத் தேதியில் வந்தது, வேலை எந்தத் தேதியில் நடந்தது, மூன்றாம் வருடம் எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது. அதற்கு ஜப்பானில் கடன் கேட்கவேண்டாம். ஒரு டப்பா பெயின்ட் போதும்.