படை சிவந்தால் பயந்து குளிசையை நிறுத்தாதீர்கள்



“குளிசை குடிக்கத் தொடங்கின பிறகுதான் அக்கா, படை சிவந்து தடிச்சது. அதால விட்டிட்டன்.” உப்புவெளிப் பக்கத்தில் தொழுநோய்க்கு மருந்து எடுக்கும் பெண்களிடம் இந்தக் கதையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். ஆனால் இப்படி மருந்தை விட்ட சிலருக்குக் கைவிரல்கள் மடங்கிப் போயின. ஆகவே இம்மாதம் அந்தச் சிவப்புக்கு என்ன காரணம் என்று பார்ப்போம்.

தொழுநோய் சாபமுமல்ல, பரம்பரை வியாதியுமல்ல. அது ஒரு கிருமியால் வருவதை 1873இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் கண்டறிந்தார். இக்கிருமி தோலிலும் நரம்பைச் சுற்றியுள்ள கலங்களிலும் தங்கி மிக மெதுவாகப் பெருகும். அடையாளம் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து வருடமாகும். சிலருக்கு இருபது வருடமும் ஆகலாம்.

கிருமியைக் கண்டுகொண்ட வெண்குருதிக் கலங்கள் ‘இன்டர்பெரோன் காமா’ என்ற புரதத்தை வெளிவிடுகின்றன. இதை ஒரு செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்தோல் கலங்கள் இச்செய்தியை வாங்கித் தம் கருவரைக்கும் கொண்டுபோகின்றன. பிறகு அவையே வேறு புரதங்களை உண்டாக்கி, மேலும் பாதுகாப்புக் கலங்களை அவ்விடத்துக்கு அழைக்கின்றன. இந்தக் கூட்டம் சேர்வதால்தான் படை சிவந்து, சூடாகி, வீங்குகிறது.

1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தொழுநோயாளர் சிலரின் தோலில் இந்தப் புரதத்தை மட்டும் சிறிதளவு ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். பாதுகாப்புக் கலங்கள் வந்து கூடி, அவ்விடம் தடித்தது. வைத்தியர்கள் இந்நிலையை ‘ரியாக்சன்’ என்பார்கள். சிகிச்சைக்கு முன்னரும், சிகிச்சையின்போதும், மருந்து முடிந்த பின்னரும் இது வரலாம். பிள்ளை பெற்ற பின் வரும் மாதங்களில் கூடுதலாக வரும். எனவே குளிசையின் மேல் பழி போட வேண்டாம்.

ஆனால் இதை அசட்டை செய்யவும் கூடாது. இதே போராட்டம் நரம்புக்குள்ளும் நடக்கிறது. தோல் வீங்கினால் வற்றும். நரம்பு வீங்கினால் நசியும். முழங்கையில் நோவு, கைகால் விறைப்பு, விரலில் பலம் குறைதல், கண்ணை முழுதாக மூட முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். அங்கே தரும் பிரெட்னிசொலோன் குளிசை கலங்களுக்குள் சென்று இச்செய்திகளின் வேகத்தைக் குறைக்கும். பிந்தினால் நரம்பு திரும்பாது. அந்தக் குளிசையையும் வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

கூட்டு மருந்தால் சிறுநீர் சிவக்கலாம், தோல் கறுக்கலாம். இரண்டும் மருந்து முடிந்த பின் மாறிவிடும். ஆனால் உடம்பெங்கும் அரிப்பு, காய்ச்சல், கண் மஞ்சளாதல் வந்தால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

யுத்தத்தைக் கடந்து வந்த நம் உடம்பில் ஷெல் காயத் தழும்புகள் பல உண்டு. அவற்றிலும் சில மரத்துப்போயிருக்கும். ஆனால் காயமே படாத இடத்தில் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் காட்டத்தான் வேண்டும். நோவில்லைத்தானே என்று விடாதீர்கள். நோகாததுதான் இதன் அடையாளம்.

மட்டக்களப்பு மாந்தீவு வைத்தியசாலையின் பெயரைக் கேட்டே நம் பாட்டிமார் அஞ்சினார்கள். இன்று யாரையும் தீவுக்கு அனுப்புவதில்லை. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ வீட்டிலிருந்தே இலவசமாக மருந்து எடுத்தால் நோய் குணமாகும். மருந்து தொடங்கிச் சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றாது. பிள்ளையைத் தூக்கலாம், ஒன்றாக இருந்து சாப்பிடலாம்.

தனியே போகத் தயங்கும் சகோதரி உங்கள் அயலில் இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் அவருடன் கூடப் போங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்லுவார்.