பழி ஓரிடம், தண்டம் ஓரிடம்

ஜவ்வாது மலை சரிந்து சமவெளியைத் தொடுமிடத்தில், உத்திரகாவிரி ஆற்றையொட்டி, ஒடுகத்தூர் என்றொரு பேரூர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஆட்டுச் சந்தை கூடும். மலையிலிருந்து ஆட்டை ஓட்டி வருவோரும், வேலூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வாங்க வருவோரும் விடியற்காலையிலேயே விலை பேசத் தொடங்கிவிடுவர். அங்கே காசோலை செல்லாது, கையெழுத்துச் செல்லாது, கையிலிருக்கும் ரொக்கமே பேசும்.

தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டால் அந்தச் சந்தைக்கு வருகிறவன் நிலை என்ன? ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். ஆடு விற்ற காசுக்கு ஏது ஆவணம்? பறக்கும் படை வண்டியை மறிக்கும்; பணத்தை எண்ணும்; கருவூலத்துக்கு அனுப்பும். அவன் அதை மீட்க அலுவலகம் அலுவலகமாக அலைவான். தேர்தலின் தூய்மைக்காக அவன் செலுத்தும் வரி இது என்று வைத்துக்கொள்வோம்.

அதே தேர்தலில், அதே வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் 11 கோடியே 48 லட்சம் ரூபாய் பிடிபட்டது. ஒரு சிமெண்டுக் கிடங்கில் மூட்டைகளிலும் பெட்டிகளிலும் கட்டி வைத்திருந்த பணம் அது. எந்த வார்டுக்கு எவ்வளவு என்ற குறிப்பும் உடனிருந்ததாக அன்றே செய்திகள் வந்தன. ஒரு வேட்பாளர் நாடாளுமன்றத் தேர்தலுக்குச் செலவிடச் சட்டம் அன்று அனுமதித்த தொகை 70 லட்சம். பிடிபட்டதோ அதைப்போல் பதினாறு மடங்கு! அந்தப் பணம் தி.மு.க. வேட்பாளர் கதிர் ஆனந்த் அவர்களின் தேர்தலுக்காக வைக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அவரும் அவருடைய தந்தையார் துரைமுருகன் அவர்களும் அதை மறுத்தனர். அரசியல் பழிவாங்கல் என்றனர். தேர்தல் ஆணையம் ஏப்ரல் 14ஆம் நாள் பரிந்துரைத்தது. 16ஆம் நாள் குடியரசுத் தலைவர் வேலூர்த் தேர்தலையே ரத்துச் செய்தார். வாக்குப்பதிவுக்கு இருந்தது இரண்டே நாள். பணத்தின் பெயரால் ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் நிறுத்தப்பட்டது இந்திய நாட்டில் அதுவே முதல் முறை. எதிர்த்து நின்ற ஏ.சி. சண்முகம் அவர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகியும் பயனில்லாது போயிற்று.

நம் கட்சி அன்று எந்த அணியில் இருந்தது என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை. அந்த வேட்பாளருக்காகவே நாமும் தெருத்தெருவாக வாக்குக் கேட்டோம். பணம் பிடிபட்ட செய்தி வந்த மாலையில் நம் தோழர்கள் சொன்னது என்ன? "சதி" என்றோம். எதிரணியார் வீட்டில் சோதனை ஏன் இல்லை என்று கேட்டோம். அந்தக் கேள்வியில் நியாயமில்லாமலும் இல்லை. ஆயினும், "பணம் யாருடையது?" என்ற கேள்வியை நாம் கேட்டோமா? கேட்கவில்லை! அதைக் கேட்கும் கடமை நமக்கன்று என்று எண்ணிக்கொண்டோம். அந்த மௌனத்தைப் பற்றியே இந்த ஞாயிற்றுக்கிழமை எழுத விரும்புகிறேன்.

முதலில், தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் போட்டியிலிருந்து விலக்கப்படவில்லை; அவரே மீண்டும் நின்றார். எதிர்த்தவரும் மீண்டும் நின்றார். இழந்தவர்கள், ஒரு காசும் தொடாதவரும் உள்ளிட்ட 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். ஏப்ரல் 18இல் நடக்கவேண்டிய வாக்குப்பதிவு ஆகஸ்ட் 5இல் நடந்தது. 109 நாள்! அந்த நாள்களில் நாடாளுமன்றம் சும்மா இருந்ததா? புதிய மக்களவை ஜூன் 17இல் கூடிற்று. ஜூலை 5இல் வரவு செலவுத் திட்டம் வந்தது. ஜூலை 25இல் முத்தலாக் மசோதா மக்களவையில் நிறைவேறிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் அடங்கிய தொகுதிக்கு அன்று அந்த அவையில் வாயில்லை. வேலூர் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்துக்கொண்டிருந்த ஆகஸ்ட் 5ஆம் நாளன்றே காஷ்மீரின் தனி உரிமையைப் பறிக்கும் அறிவிப்பு மாநிலங்களவையில் வந்தது. மறுநாள் மக்களவை அதற்கு இசைந்தது. வேலூரின் வாக்குகளோ ஆகஸ்ட் 9இல்தான் எண்ணப்பட்டன. ஆதரித்தோ எதிர்த்தோ ஒரு சொல் சொல்ல வேலூருக்கு ஆளில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். வாக்குக்குப் பணம் பெற்ற ஊர் என்று 1844இல் சட்பரிக்கும் 1852இல் செயின்ட் ஆல்பன்சுக்கும் உறுப்பினர் அனுப்பும் உரிமையையே பறித்தார்கள். ஊரைத் தண்டித்து ஊழல் ஒழியவில்லை. 1883இல்தான், வேட்பாளரின் செலவுக்கு வரம்பு கட்டி, வரம்பை மீறியவனைப் பிடிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நாமோ வரம்பைக் கட்டிவிட்டு, மீறல் நிகழ்ந்ததும் ஊரைப் பிடிக்கிறோம்! வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. பணத்துக்கு அப்படியொரு பிரிவு இல்லாததால், அரசியல் சட்டத்தின் 324ஆம் பிரிவு தரும் பொது அதிகாரத்தைக் கொண்டே ஆணையம் இதைச் செய்தது.

இனி, குற்றச்சாட்டு வாக்குகளை என்ன செய்தது? இங்கே ஒரு விந்தை. நாடாளுமன்றத் தேர்தல் ரத்தான அதே ஏப்ரல் 18ஆம் நாள், அதே தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் தடையின்றி நடந்தன. செய்தித்தாள்களில் பண மூட்டைப் படங்களின் மை உலரவில்லை. குற்றச்சாட்டு கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்த இரண்டு இடங்களிலும் வென்றது தி.மு.க.வே!

ஆகஸ்டு வந்தது. கொதிப்பு அடங்கிவிட்டிருந்தது. மே மாதம் தமிழ்நாட்டில் 38 தொகுதிகளில் 37ஐ வாரிக்கொண்ட அணி, வேலூரில் வென்றது 8,141 வாக்கு வேறுபாட்டில். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் நகரம் ஆகியவை கைகொடுத்திராவிட்டால் அதுவும் இல்லை. ஏப்ரலில் தி.மு.க.வைத் தேர்ந்த குடியாத்தம், ஆகஸ்டில் எதிர்வேட்பாளருக்கு முன்னணி தந்தது. ஒடுகத்தூர் அடங்கிய அணைக்கட்டும் அப்படியே. 2016இலும் 2021இலும் சட்டமன்றத்துக்குத் தி.மு.க.வை அனுப்பிய அணைக்கட்டு அது.

அப்படியானால் குற்றச்சாட்டு நான்கு மாதம் கழித்து வேலை செய்ததா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட வேண்டாம். ஆகஸ்டில் ஒரே ஒரு தொகுதிக்குத்தான் தேர்தல்; ஆளுங்கட்சி தன் பலத்தையெல்லாம் அங்கே குவிக்க முடிந்தது. ஏப்ரலில் நாடே மோடியா, மோடி எதிர்ப்பா என்று கேட்டது. ஆகஸ்டில் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. பிறகு 2024இல் அதே இருவர் மீண்டும் எதிரெதிர் நின்றனர். கதிர் ஆனந்த் வென்ற வேறுபாடு 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேல். குற்றச்சாட்டு அந்த ஐந்தாண்டில் பொய்யென்று நிலைநாட்டப்பட்டதா? இல்லை. மெய்யென்று நிலைநாட்டப்பட்டதா? அதுவும் இல்லை. 2025 ஜனவரியில் அமலாக்கத் துறை காட்பாடியில் மீண்டும் சோதனை நடத்திய செய்தியைப் படித்தபோது, இடையே இரண்டு முறை மக்கள் வாக்களித்துவிட்டிருந்தார்கள்.

வாக்காளன் குற்றச்சாட்டைப் பொருட்படுத்துவதில்லை என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. 1996ஐ எண்ணிப் பாருங்கள். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பர்கூரிலேயே தோற்றார். எதிர்க்கட்சிகள் ஊழல் ஊழல் என்று முழங்கியதால் மட்டுமா? 1995இல் சென்னையில் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் பகட்டை ஊரே கண்டிருந்தது. காதில் விழுந்த குற்றச்சாட்டும் கண்ணில் பட்ட காட்சியும் ஒன்றாகச் சேர்ந்தன; அப்போது வாக்கு அசைந்தது. 2019இல் சிமெண்டுக் கிடங்கில் பிடிபட்ட மூட்டை வாக்காளனுக்கு எதைப் புதிதாகச் சொல்லிற்று? வாக்குக்குப் பணம் என்பது அவன் தன் தெருவிலேயே, ஒவ்வொரு தேர்தலிலும், பல கொடிகளின் பெயராலும் கண்டது. ஒருவர் பிடிபட்டார், பிறர் பிடிபடவில்லை என்றே அவன் எண்ணியிருப்பான். குற்றச்சாட்டு அவனை அசைக்காததன் காரணம் அவனுடைய ஒழுக்கக் குறைவன்று, தோழர்களே! தராசின் மறுதட்டில் வைக்கத் தக்க தூய்மையை யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

இராதாகிருஷ்ணன் நகரைப் பாருங்கள். 2017 ஏப்ரலில், அமைச்சர் ஒருவர் வீட்டில் வருமான வரித்துறை சோதனையிட்டு, 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடாவுக்கான குறிப்புகள் கிடைத்தன என்று சொல்லப்பட்டு, இடைத்தேர்தல் ரத்தாயிற்று. டிசம்பரில் மீண்டும் நடந்தபோது வென்றவர், ஏப்ரலில் அந்தப் பக்கத்து வேட்பாளராக நின்ற அதே டி.டி.வி. தினகரன். அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் 2016 மே மாதம் பணப் புகாரால் நிறுத்தப்பட்டு, நவம்பரில் நடந்தன. அங்கும் நின்றவர்கள் மாறவில்லை. ரத்து என்பது வேட்பாளருக்கு ஓய்வு, வாக்காளனுக்கு விரதம்.

நீதிமன்றம் தீர்ப்பளித்தால் வேறாகுமா? ரேபரேலியில் இந்திரா காந்தி 1971இல் வென்றது செல்லாதென்று அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது 1975 ஜூன் 12ஆம் நாள். நான்கு ஆண்டு கழித்து! அரசு ஊழியரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது அங்கே முதன்மையான குற்றம். 1977இல் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள், ஆனால் அதற்காகவா? நெருக்கடி நிலைக்காக! மன்றத்தின் தீர்ப்பு ஒரு குற்றத்துக்கு. மக்களின் தீர்ப்பு வேறொரு குற்றத்துக்கு.

ஆகவே, "மக்கள் மன்றமே எங்களை விடுவித்துவிட்டது" என்று வெற்றி விழா மேடையில் பேசும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். மக்கள் யாரையும் விடுவிக்கவில்லை. இருவரில் ஒருவரைத் தேர்ந்தார்கள், அவ்வளவே. வென்றதனால் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி செத்துப்போகாது. அதேபோல, எதிரணியார்மீது புகார் எழுந்த மறுகணமே அவரைத் திருடரென்று சுவரில் எழுதும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். நம்மவர்மீது வந்தால் சதி, அவர்மீது வந்தால் சாட்சி! இந்த இரட்டைப் படியால் அளந்து அளந்துதான், எல்லோரும் ஒன்றுதான் என்ற எண்ணத்தை ஒடுகத்தூர் வாக்காளனுக்கு நாமே கற்றுக்கொடுத்தோம்.

அந்தத் தேர்தலில் பேசப்படாமற் போனது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகள் இருக்கின்றன. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் இடம். அந்த மலைகளுக்குப் பாதை வேண்டுமென்பது நெடுங்காலக் கோரிக்கை. 2019இல் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் எத்தனை கூட்டங்கள்! எத்தனை முழக்கங்கள்! மூட்டையைப் பற்றிப் பேசியதில் நூற்றில் ஒரு பங்கு நாம் பாதையைப் பற்றிப் பேசியிருப்போமா? நான்காண்டு சென்று, 2023 மே மாதம், அணைக்கட்டு வட்டாரத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையொன்று, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் பாதையின்றிக் காலம் தாழ்ந்து இறந்தது. திரும்பும் வழியில் ஆம்புலன்சும் பாதியில் நின்றுவிட, குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறினாள். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் எழுதுவதால் அணிக்குத் துரோகம் செய்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். வேட்பாளரை முன்னாளில் அபேட்சகர் என்றார்கள். விரும்பி வந்து கேட்பவர் என்று பொருள். கேட்டு வருகிறவரிடம் நாம் கேள்வி கேட்பதில் என்ன துரோகம்? கூட்டணி என்பது வாக்கைப் பகிர்ந்துகொள்ள மட்டுமன்று. வேட்பாளர் பட்டியல் வெளிவருமுன் கருத்துச் சொல்லவும் உரிமை தருவது. பட்டியல் வெளிவந்த பின் கேட்டால் கலகம் என்பார்கள். முன்னரே கேட்டால் ஆலோசனை என்று பெயர். பணம் யார் தருகிறார், எவ்வளவு செலவாகும், கணக்கு யார் எழுதுவார் என்று மாவட்டக் குழுவில் எழுந்து கேளுங்கள்.

இன்னொன்று. எந்த மூட்டையும் தானாக வீடு வீடாக நடப்பதில்லை. உறைகளில் போட்டு, வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயருக்கு நேரே கோடு கிழித்து, இருட்டிய பின் கதவைத் தட்டுகிற கைகள் வேண்டும். அவை தலைவர்களின் கைகள் அல்ல. கிளைச் செயலாளரின் கைகள், சுவரொட்டி ஒட்டிய கைகள். பட்டியலும் உறையுமாக யாரேனும் உங்களிடம் வந்தால் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பகலிலேயே போய்க் கதவைத் தட்டுங்கள். ஒடுகத்தூர்ச் சந்தையில் தன் பணத்தைப் பறக்கும் படையிடம் பறிகொடுத்தவன் வீடாகவும் அது இருக்கலாம். அவன் கேட்பதற்கெல்லாம் நின்று விடை சொல்லிவிட்டு வாருங்கள்.