படிவத்தில் ஒரு கட்டம்
வருமான வரிப் படிவம் வழியாகவே நன்கொடை தரும் வசதி வேண்டும். புதிய வரி முறையில் பறிபோன, நன்கொடைக்கான வரிக் கழிவும் (பழைய சட்டத்தின் 80ஜி பிரிவு) திரும்ப வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஏப்ரல் 1, 2026 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டம் இரண்டையும் செய்யவில்லை. முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் நாலு பவர்டேபிள் தையல் இயந்திரம் ஓட்டுபவர், முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குப் பணம் கட்டிய ரசீதை ஜூலையில் ஆடிட்டரிடம் நீட்டுகிறார். 'புதிய முறையா? அப்ப இது வேண்டாங்க' என்று ரசீது மேசையிலேயே திரும்பிவிடுகிறது. பழைய முறைக்குப் போகலாமே என்றால், தொழில் வருமானம் உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை மாறி மாறித் தேர்ந்தெடுக்க முடியாது. கழிவைத் திரும்பத் தந்தால் போலி ரசீதுகள் பெருகும் என்ற பயமும் இன்று பொருந்தாது: ரூ.2,000-க்கு மேல் ரொக்கத்துக்குக் கழிவில்லை. 2021-22 முதல் அறக்கட்டளைகளே நன்கொடையாளர் விவரத்தைத் துறைக்குத் தருகின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், திரும்பிவரும் வரியில் ஒரு பகுதியை வனவிலங்கு நிதிக்குத் தரும் கட்டத்தை 1977-லேயே படிவத்தில் சேர்த்தது. இங்கு ரீஃபண்ட் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதில் விரும்பிய தொகையை நிவாரண நிதிக்குத் திருப்பிவிடுவது தொழில்நுட்பச் சிக்கலே அல்ல. அடுத்த நிதி மசோதாவிலேயே ஒன்றிய நிதி அமைச்சகம் இவ்விரண்டுக்கும் வழி செய்ய வேண்டும்.