காகிதக் கப்பலும் கணக்குப் பாடமும்

கடலூர் தெருவில் மழைத்தண்ணீர் ஓடுகிறது. திண்ணையில் ஒரு சிறுவன் காகிதக் கப்பல் மடிக்கிறான். "நோட்டைக் கிழிக்காதே! போய்க் கணக்குப் போடு!" என்று அப்பா அதட்டுகிறார்.

அவன் செய்வதும் கணக்குதான்!

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் லாங், 1990-களில் 'ட்ரீமேக்கர்' என்ற கம்ப்யூட்டர் புரோகிராமை உருவாக்கினார். ஒரே சதுரக் காகிதத்தில், வெட்டாமல், ஒட்டாமல் வண்டு செய்ய வேண்டுமா? உடலையும் ஆறு கால்களையும் வெறும் கோடுகளாக வரைந்து கொடுத்தால் போதும். காலுக்கு ஒரு வட்டமாகக் காகிதத்தைப் பங்கிட்டு, எங்கே மடிப்பது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுத் தரும். சிதம்பரத்துப் பெண்கள் மார்கழியில் முதலில் புள்ளி வைத்து, பிறகு கோலம் இழுப்பதில்லையா? அது போலத்தான். ஆனால் மடிக்க மனிதனின் கை வேண்டும்!

இது அயல்நாட்டு வித்தை என்று ஒதுக்க வேண்டாம். காகித மடிப்பால் கணிதம் கற்பிக்கும் நூலை, சுந்தர ராவ் என்பவர் 1893-ல் சென்னையிலேயே வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதை எடுத்துச் சொன்னார். 1901-ல் அமெரிக்காவிலும் அச்சாயிற்று.

கடலூர், சிதம்பரம் பள்ளிகளில் இதைச் செய்தால் என்ன? கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு காகித முக்கோணம் போதும். பெரிய பக்கத்தை அடியில் வைத்து, மேல் முனையை நேர் கீழே அடிக்கோட்டில் படும்படி மடிக்க வேண்டும். மற்ற இரு முனைகளையும் அதே இடத்துக்கு மடித்தால், மூன்று கோணங்களும் சேர்ந்து நேர்கோடாகிவிடும். அதாவது 180 டிகிரி! மனப்பாடம் செய்தது மறக்கலாம். கையால் மடித்துக் கண்டது மறக்குமா?

கிழிந்த நோட்டுக்காக ஓங்குகிற கை, பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துக் கொடுக்கட்டும்!