ரிமோட் டெஸ்க்டாப்பில் காப்பி-பேஸ்ட் ஆகலையா? கோளாறா, கம்பெனி போட்ட பூட்டா? முழு விளக்கம்

வீட்டு லேப்டாப்பில் ஒரு வரியை காப்பி செய்கிறார் ஊழியர். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறந்திருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பேஸ்ட் கொடுக்கிறார். ஒன்றும் வரவில்லை. சில நேரம் அரை மணி நேரத்துக்கு முன்னாடி காப்பி செய்த பழைய வரி வந்து விழுகிறது. வீட்டிலிருந்தும், வெளிநாட்டு வாடிக்கையாளரின் சர்வரில் புகுந்தும் வேலை பார்க்கும் ஐடி ஊழியர்களுக்கு இது அன்றாடத் தலைவலி.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உண்மையான கோளாறு. இரண்டு, நிறுவனம் வேண்டுமென்றே போட்டு வைத்த தடை. முதலாவதை இரண்டு நிமிடத்தில் சரி செய்துவிடலாம். இரண்டாவதைச் 'சரி' செய்யப் போனால் வேலைக்கே வேட்டு வைத்துவிடும். எது எது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 ஜூனில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. விண்டோஸ் 365 சேவையில் புதிதாக உருவாக்கப்படும் கிளவுட் பிசிக்களில் கிளிப்போர்டு, டிரைவ், யுஎஸ்பி, பிரின்டர் ஆகியவற்றைப் பகிரும் வசதி, அந்த ஆண்டின் இரண்டாம் பாதி முதல் ஆரம்பத்திலேயே 'ஆஃப்' நிலையில் இருக்கும் என்பதுதான் அது. ஏற்கெனவே உள்ளதை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினாலும் இதே கதைதான். தகவல் வெளியே கசிவதையும் வைரஸ் உள்ளே வருவதையும் குறைக்கவே இந்த மாற்றம் என்பது நிறுவனம் சொன்ன காரணம்.

இதுவரை கதவு திறந்தே இருந்தது, வேண்டாதவர்கள் மூடிக்கொண்டார்கள். இனி கதவு மூடியே இருக்கும். வேண்டியவர்கள் கேட்டுத்தான் திறக்க வேண்டும். அதனால், நேற்று வரை ஓடிய காப்பி-பேஸ்ட் புது கிளவுட் பிசிக்கு மாறியதும் நின்றுபோனால், முதல் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும்.

காப்பி செய்ததும் உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டும் தனித்தனி கம்ப்யூட்டர்கள். இரண்டுக்கும் தனித்தனி கிளிப்போர்டு. நடுவே நின்று தகவலைக் கைமாற்றுவது 'ஆர்டிபி கிளிப்' என்ற சின்ன புரோகிராம். ரிமோட் கம்ப்யூட்டரில், நீங்கள் உள்ளே நுழைந்ததும் இது தானாக ஓடத் தொடங்கும்.

நீங்கள் காப்பி செய்தவுடன் முழுத் தகவலும் அந்தப் பக்கம் போய்விடுவதில்லை. "இங்கே ஒரு டெக்ஸ்ட் இருக்கு", "இங்கே ஒரு படம் இருக்கு" என்ற அறிவிப்பு மட்டும்தான் முதலில் போகும். அங்கே பேஸ்ட் கொடுக்கும்போதுதான், "அதை அனுப்பு" என்று கேட்டு வாங்கும். இந்தக் கேள்வி-பதில் நடுவில் எங்கேயாவது சிக்கினால் பேஸ்ட் வேலை செய்யாது. கனெக்‌ஷன் விட்டுவிட்டு வந்தாலோ, வேறு ஏதாவது ஆப் கிளிப்போர்டைப் பிடித்து வைத்துக்கொண்டாலோ, ஒரு ரிமோட்டுக்குள் இன்னொரு ரிமோட் திறந்திருந்தாலோ இப்படி ஆகலாம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. "அனுப்பு" என்று கேட்பது நீங்கள் பேஸ்ட் அழுத்தினால் மட்டும்தான் என்று இல்லை. ரிமோட் கம்ப்யூட்டரில் ஓடும் வேறு எந்த புரோகிராமும் கேட்டு வாங்க முடியும். அதாவது, ரிமோட் இணைப்பு திறந்திருக்கும்போது சொந்த லேப்டாப்பில் வங்கி பாஸ்வேர்டை காப்பி செய்தால், அதை அந்தப் பக்கமும் படிக்க முடியும்.

கோளாறா, தடையா? கண்டுபிடிப்பது எப்படி?

* இவ்வளவு நேரம் ஓடி, திடீரென நின்றுவிட்டது: பெரும்பாலும் கோளாறுதான்.
* முதல் நாளில் இருந்தே வரவில்லை: உங்கள் பக்க செட்டிங் ஆஃப் ஆகியிருக்கலாம், அல்லது நிறுவனத்தின் தடையாக இருக்கலாம்.
* உள்ளே பேஸ்ட் ஆகிறது, வெளியே எடுக்க முடியவில்லை: அநேகமாகத் தடை. எந்தத் திசையில் தகவல் போகலாம், வெறும் டெக்ஸ்ட் மட்டுமா, படமும் சேர்த்தா என்று தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் வசதி அட்மினிடம் இருக்கிறது.
* டெக்ஸ்ட் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் போகவில்லை: ஃபைல் 2 ஜிபிக்கு மேல் இருந்தால் கிளிப்போர்டு வழியாக காப்பி ஆகாமல் போகலாம். எரர் மெசேஜ்கூட வராது. அப்போது டிரைவ் பகிர்வு மூலம்தான் அனுப்ப வேண்டும், அதுவும் அனுமதி இருந்தால்.

கோளாறு என்றால் சரி செய்வது எப்படி?

1. முதலில் உங்கள் லேப்டாப்பில் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து, 'ஷோ ஆப்ஷன்ஸ்' போய், 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் 'கிளிப்போர்டு' டிக் ஆகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். டிக் இல்லையென்றால் போட்டுவிட்டு மறுபடி கனெக்ட் செய்யுங்கள்.

2. டிக் இருந்தும் வரவில்லையா? ரிமோட் கம்ப்யூட்டரின் டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தினால் உங்கள் சொந்த லேப்டாப்பின் திரைதான் வரும். டெலிட்டுக்குப் பதிலாக 'எண்ட்' பட்டனை அழுத்துங்கள். ரிமோட் பக்கத்து மெனு வரும்.

3. டாஸ்க் மேனேஜரில் 'ஆர்டிபி கிளிப்போர்டு மானிட்டர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். பிறகு 'ரன் நியூ டாஸ்க்' போய், ஆர், டி, பி, கிளிப் ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து, டாட் இஎக்ஸ்இ சேர்த்து ஓகே கொடுங்கள். கிளிப்போர்டு பாலம் புதிதாகத் தொடங்கும்.

4. அப்படியும் சரியாகவில்லை என்றால் விண்டோவை மட்டும் மூடினால் போதாது. அப்படி மூடினால் ரிமோட்டில் பழைய செஷன் அப்படியே உயிரோடு இருக்கும். வேலையை சேவ் செய்துவிட்டு, முறைப்படி 'சைன் அவுட்' செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

இந்த நான்கும் கைகொடுக்கவில்லையா? அது தடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விண்டோஸில் கிளிப்போர்டு பகிர்வை அனுமதிக்காதே என்று ஒரு குரூப் பாலிசியே இருக்கிறது. அதை அட்மின் போட்டிருந்தால், உங்கள் பக்கம் எத்தனை டிக் போட்டாலும் வேலைக்கு ஆகாது.

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு பயப்படுகின்றன?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. ரிமோட் கம்ப்யூட்டர் ஹேக்கர் கையில் இருந்தால், அங்கிருந்து நீங்கள் ஒரு ஃபைலை காப்பி செய்து உங்கள் லேப்டாப்பில் பேஸ்ட் செய்யும்போது, உங்களுக்கே தெரியாமல் வேறொரு ஃபைலையும் சேர்த்து, லேப்டாப்பின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுவிட முடியும். அடுத்த முறை லேப்டாப்பை ஆன் செய்து உள்ளே நுழைந்ததும் அது ஓடும். இதை உடனடியாகச் சரி செய்ய வேண்டிய அளவுக்கு மைக்ரோசாஃப்ட் முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. 2019 ஜூலையில் திருத்தம் கொடுத்தது. அதுவும் போதாது என்று தெரிந்து, 2020-ல் மறுபடி திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது.

2024 அக்டோபரில் இன்னும் பெரிய சம்பவம். மைக்ரோசாஃப்ட் 'மிட்நைட் பிளிஸார்ட்' என்று பெயரிட்டுள்ள ரஷ்ய ஹேக்கர் குழு, 100-க்கும் மேற்பட்ட அமைப்புகளில் ஆயிரக்கணக்கானோருக்கு மெயில் அனுப்பியது. உடன் ஒரு ரிமோட் டெஸ்க்டாப் ஃபைல். அதைத் திறந்தால் ஹேக்கர்களின் சர்வரோடு கனெக்ட் ஆகும். உங்கள் ஹார்ட் டிஸ்க், பிரின்டர், கிளிப்போர்டு எல்லாமே அந்தப் பக்கம் திறந்துவிடும். வசதிக்காக இருந்த அதே பாதை திருட்டுக்கும் வழியானது.

குறுக்கு வழியில் போனால் என்ன ஆகும்?

காப்பி-பேஸ்ட் வரவில்லை என்றதும் பலர் செய்வது, சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்வது, வாட்ஸ்அப் வெப்பில் போடுவது, திரையை மொபைலில் போட்டோ எடுப்பது. ஐந்து நிமிட வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த வரியில் வாடிக்கையாளரின் பெயரோ கணக்கு எண்ணோ இருந்தால், அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டை விட்டு வெளியே போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு பெரிய தொகை தலைக்கு மேல் தொங்கும்போது, 'அவசரத்துக்கு அனுப்பினேன்' என்ற விளக்கத்தை நிறுவனங்கள் ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதேநேரம், நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தடை போட்டதை ஊழியர்களிடம் சொல்லாமல் விட்டால், அவர்கள் அதைக் கோளாறு என்று நினைத்துத்தான் குறுக்கு வழி தேடுவார்கள். முழுவதும் பூட்டுவதற்குப் பதில், உள்ளே மட்டும், டெக்ஸ்ட் மட்டும் என்று அளவாகத் திறந்துவிட வழி இருக்கும்போது, வேலைக்குத் தேவையானதைக் கொடுப்பதுதான் பாதுகாப்பும்கூட.

நினைவில் வைக்க வேண்டியவை

* ரிமோட் இணைப்பு திறந்திருக்கும்போது பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு எண் எதையும் காப்பி செய்யாதீர்கள்.
* தெரியாத சர்வரோடு கனெக்ட் ஆகும்போது கிளிப்போர்டு, டிரைவ் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.
* மெயிலில் வரும் ரிமோட் டெஸ்க்டாப் ஃபைலை, அனுப்பியது யார் என்று உறுதி செய்யாமல் திறக்காதீர்கள்.
* தடை என்று தெரிந்தால் ஐடி டீமிடம் டிக்கெட் போடுங்கள். எந்தத் திசையில், எந்த வகைத் தகவல், எந்த வேலைக்கு என்று எழுதிக் கேட்டால், அனுமதி கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். பின்னால் பிரச்சனை வந்தால் கையில் ஆதாரமும் இருக்கும்.