கெமராவைத் தறியின் பக்கம் திருப்புங்கள்

நோன்பு இருபது கழிந்துவிட்டால் கல்முனைக் கடைத்தெருவில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. கூரையில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஐம்பது வீதக் கழிவு என்று கத்திக்கொண்டு மருதமுனைப் பக்கம் போகும். சாய்ந்தமருதுப் பக்கமிருந்து வரும் இன்னொன்று இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று அதற்குமேல் கத்தும். அந்த ஓட்டோக்கள் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் சத்தத்தின் பெரும்பங்கு கைபேசிக்குள் குடிபோய்விட்டது. தராவீஹ் தொழுகை முடிந்த கையோடு பேஸ்புக்கில் லைவ் தொடங்குகிறது. அபாயாக்களை ஒவ்வொன்றாக உதறி விரித்துக் காட்டும் இளைஞர், “ஷெயார் பண்ணுங்க, கொமன்ட் பண்ணுங்க, ஒருத்தருக்குப் பரிசு இருக்கு” என்கிறார். விலை கேட்டால் “இன்பொக்ஸுக்கு வாங்க” என்று பதில் வருகிறது. கடைக்குள் விலைப்பட்டியலை எல்லோரும் காணும்படி வைக்க வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதே கடை திரைக்குள் போனதும் விலை மட்டும் எப்படியோ இரகசியமாகிவிடுகிறது.

ஓட்டோக்காரருக்குக் கொடுத்த காசை இப்போது ‘பூஸ்ட்’ பண்ணக் கொடுக்கிறார்கள். வேறு என்ன மாறியது என்று தேடினால் அதிகம் அகப்படாது.

இத்தனைக்கும் சனத்தை இழுத்துவைக்கும் வித்தை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கிவைத்திருந்த நேரத்தில், கொழும்பிலிருந்த இலங்கை வானொலி இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. 1952 டிசம்பரில் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ ஒரு பற்பசையின் பெயரைச் சுமந்த நிகழ்ச்சி. அமீன் சயானி வாரந்தோறும் இந்திப் பாடல்களை வரிசைப்படுத்திச் சொல்வார். இசைத்தட்டு விற்பனையோடு, ஊர் ஊராக அமைந்த நேயர் மன்றங்கள் எழுதிப் போட்ட விருப்பங்களும் அந்த வரிசையைத் தீர்மானித்தன. பற்பசை பல்லுக்கு நல்லதா என்பதைக் கேட்பதற்காக யாரும் வானொலிப் பெட்டியின் முன் குந்தவில்லை. தன் பாட்டு முதலிடத்துக்கு வருமா என்ற தவிப்போடு குந்தினார்கள். விளம்பரக்காரர் கேட்பவனுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். பெயர் தானாக மனதில் ஒட்டிக்கொண்டது.

எழுபது ஆண்டு கழித்துப் பாடகி யொஹானிக்கும் அதுதான் நடந்தது. 2020இல் வெளிவந்த ஒரு சிங்களப் பாட்டை அவரும் சதீஷன் ரத்நாயக்கவும் சேர்ந்து மறுபடி பாடி, 2021 மே மாதம் யூடியூபில் ஏற்றினார்கள். ‘மெனிக்கே மகே ஹித்தே’க்குச் சிங்களம் தெரியாத கோடிக்கணக்கானோர் தலையாட்டினார்கள். தமிழிலும் இந்தியிலும் இன்னும் பல மொழிகளிலும் ஆளுக்கொரு வடிவம் பாடினார்கள். அமிதாப் பச்சன் தன் பழைய படத்து நடனத்தோடு அந்தப் பாட்டைச் சேர்த்த காணொளியைப் பகிர்ந்தார். அடுத்த வருடம் ‘தேங்க் கோட்’ என்ற இந்திப் படத்திலேயே பாட்டு இடம்பிடித்தது. அதைத் தூக்கிச் சுமந்ததெல்லாம், தாங்களும் அதில் கைவைக்கலாம் என்று உணர்ந்த சனம்.

கவனம் கிடைத்தால் வியாபாரமும் கிடைத்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2011 நவம்பரில் தனுஷின் ‘கொலவெறி’ பாட்டு உலகத்தையே சுற்றி வந்தது. அந்தப் பாட்டோடு மறு வருடம் மார்ச்சில் வந்த ‘3’ படத்துக்கு அந்த ஆரவாரத்தில் பாதிகூடத் தியேட்டரில் இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு மருதமுனைக்கு வந்தால் மனம் சலிக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி ஓடும் ஊர் அது. சாரன் என்றாலும் சேலை என்றாலும் ஊரின் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குவார்கள். சாயம் தோய்த்த நூல் காய்வதும், பாவு நீட்டி அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவதும், நாடா இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் பாயும் சத்தமும் எந்த ரீல்ஸுக்கும் பின்னணி இசை தேவைப்படாத காட்சிகள். ஆனால் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பொலித்தீன் உறைக்குள் மடித்த சாரன், அதன்மேல் மின்னும் எழுத்தில் ‘சலுகை’, இந்தியப் படப் பாட்டு ஒன்று. தறியைப் பெரும்பாலும் காணவே முடியாது. குருநாகலில் 1991இல் தொடங்கிய ‘செலின்’ நிறுவனம், நெய்யும் கிராமத்துப் பெண்களை முன்னால் நிறுத்தித்தான் தன் பெயரை வெளிநாடுவரை கொண்டுபோனது. அங்கே ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்தது, அதைவிட நீண்ட நெசவுப் பழக்கம் உள்ள ஒரு முழு ஊருக்குக் கிடைக்கவில்லை. நூலிலும் கைத்திறனிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. காட்டத் தெரியாததுதான் குறை.

காட்டாமல் விட்டால் யாராவது வேறு ஒன்றைக் காட்டுவார்கள் என்பதை இந்த ஊர்கள் அடங்கிய அம்பாறை மாவட்டம் பட்டுத் தெரிந்துகொண்டது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரிலிருந்த முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உணவுக்குள் ஒரு கட்டி இருந்ததாம். மலட்டு மாத்திரை போட்டாயா என்று கூடி நின்றவர்கள் சிங்களத்தில் மிரட்டிக் கேட்டார்கள். மொழி சரியாகப் பிடிபடாத கடைக்காரர் தட்டுத்தடுமாறி ஏதோ ஒப்புக்கொண்டதுபோல் சொன்னார். அதைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் விட்டார்கள். அந்த இரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது, அவசரகாலச் சட்டம் வந்தது, மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். தன் தளம் வெறுப்பைப் பரப்பப் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. இடையில் போனவை போனவைதான்.

ஒரு நல்ல விளம்பரக் காணொளி அந்தக் கும்பலைத் தடுத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அது பொலிஸாரின் வேலை. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வதந்தி சிங்களத்தில் பறந்தது. இந்தக் கரையோரக் கடைகளின் பக்கங்களோ அன்றும் இன்றும் பெரும்பாலும் தமிழில் தமக்குள்ளேயே பேசிக்கொள்கின்றன. மாவு பிசைவதையும் கொத்து போடுவதையும் சிங்களத்தில் இரண்டு வரியோடு மாதத்துக்கு ஒரு தடவை காட்டும் கடையைப் பற்றிப் பொய் சொல்வது, ஒன்றுமே காட்டாத கடையைப் பற்றிச் சொல்வதைவிடக் கொஞ்சம் கடினம். கொஞ்சம்தான். ஆனாலும் அந்தக் கொஞ்சம் ஒரு முதலாளியின் பிழைப்பு.

காட்டினால்தான் ஆள் வரும் என்ற கணக்கை அரசாங்கம் விளங்கிவைத்திருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் வெளிநாட்டார் வருவது வெகுவாகக் குறைந்துபோன நிலையில், அதே வருடம் செப்டெம்பரில் ‘சோ ஸ்ரீ லங்கா’ என்ற சுற்றுலாப் பெயரோடு சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடத்த அது தேர்ந்த இடம் பொத்துவிலை அடுத்த அறுகம்பை. பயந்துபோன உலகத்துக்கு மறுபடி காட்ட இந்தக் கரையோரத்து அலைதான் வேண்டியிருந்தது. அலையின் படம் இன்ஸ்டாகிராமில் நிறைந்து கிடக்கிறது. அந்த அலையோடு வாழும் ஊர்க்காரரைத்தான் அதில் தேட வேண்டும்.

இன்னொரு நோயும் இங்கே பரவிவருகிறது. ஓசிச் சாப்பாட்டுக்கும் உறைக்குள் வைத்த காசுக்கும் ‘ரிவியூ’ செய்யும் கூட்டம். புரியாணி நல்லது, கடை நல்லது, முதலாளி தங்கமான மனிசன். எல்லாக் கடைக்கும் ஒரே வாசகம். காசு வாங்கினேன் என்ற ஒரு சொல் மட்டும் வராது. இந்தியாவில் 2023 ஜனவரியில் நுகர்வோர் அலுவல்கள் துறை, பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டல் வெளியிட்டது. தவறான பரிந்துரைக்கு அங்கே 10 இலட்சம் இந்திய ரூபா வரை தண்டப்பணம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரை. நம் நாட்டுச் சட்டமும் நுகர்வோரை ஏமாற்றும் நடத்தையைத் தடைசெய்கிறது. ஆனால் சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருப்பது வியாபாரிக்கே நட்டம். எல்லாக் கடையையும் புகழும் வாயை ஊர் எத்தனை நாள் நம்பும்?

கல்முனை வர்த்தகர்கள் அடுத்த பெருநாளுக்குள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே வளவுக்குள் படிக்கிறார்கள். அவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து, ஒரு நாள் மருதமுனைத் தறிக்கு முன்னால் உட்கார வையுங்கள். நெய்பவர் தன் வேலையைத் தன் வாயால் சொல்லட்டும், கீழே சிங்களத்தில் எழுத்து ஓடட்டும், விலையும் கடை விலாசமும் மறைக்காமல் போடப்படட்டும். பரிசுக் குலுக்கலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.